கீமோதெரபிக் காலத்தில் சிறுநீரகங்களைக் காத்தல்

புற்றுநோய்க்குக் கீமோதெரபி தொடங்கும்போது நோயாளியின் குடும்பத்தினர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் முடி உதிர்தல், வாந்தி, உணவு, வேலைக்குத் திரும்புதல் ஆகியவற்றைப் பற்றியே அமைகின்றன. சிறுநீரகங்களைப் பற்றிய கேள்வி அரிதாகவே எழுகிறது. ஆயினும் பல புற்றுநோய் மருந்துகள் உடலை விட்டு வெளியேறும் வழி சிறுநீரகங்களே. அவை தளர்ந்தால் மருந்து உடலில் தங்கி, எலும்பு மச்சை, குடல், வாய் ஆகியவற்றையும் தாக்கும். அடுத்த சுற்றைத் தள்ளிவைக்கவோ, அளவைக் குறைக்கவோ, நன்கு பலனளித்துவந்த மருந்தையே கைவிடவோ நேரிடும். எனவே சிறுநீரகங்களைக் காப்பது, புற்றுநோய்ச் சிகிச்சையைத் தடையின்றி நிறைவுசெய்வதன் ஒரு பகுதியாகும்.

நியூ ஜெர்சியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் தனிக் கவனம் தேவை. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் தெற்காசியரிடையே மிகுதி. இவ்விரண்டும் சிறுநீரகங்களை முன்பே நலிவடையச் செய்பவை. மேலும் பல இல்லங்களில் இங்குள்ள மருந்துகளோடு, ஊரிலிருந்து கொண்டுவரப்பட்ட மாத்திரைகளும் சூரணங்களும் பயன்பாட்டில் உள்ளன.

சென்னையிலிருந்து பிரின்ஸ்டன் வரை

சிறுநீரகத்தின் வழியே வெளியேறும் புற்றுநோய் மருந்துகளின் ஒரு குடும்பம் தமிழ்நாட்டோடும் நியூ ஜெர்சியோடும் தொடர்புடையது. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895-ல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்று, 1922-ல் பாஸ்டன் வந்து சேர்ந்தார். 1940-ல் லெடர்லே ஆய்வகத்தில் இணைந்தார். அந்த ஆய்வகம் நியூ ஜெர்சி எல்லையை ஒட்டிய பேர்ல் ரிவர் என்னும் ஊரில் இருந்தது. அங்கு அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தையும், அதன் செயலைத் தடுக்கும் அமினோப்டெரின் என்ற மருந்தையும் உருவாக்கியது. அம்மருந்தைக் கொண்டு இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குத் தற்காலிக நிவாரணம் கிடைத்ததை பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் 1948-ல் வெளியிட்டார். இன்றும் பயன்படும் மெதோட்ரெக்சேட் அதே ஆய்வகத்தில் பிறந்த நெருங்கிய உறவு மருந்தாகும்.

பின்னர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் எட்வர்டு டெய்லர், வண்ணத்துப்பூச்சிச் சிறகின் நிறமியிலும் ஃபோலிக் அமிலத்திலும் ஒரே வகை வளைய அமைப்பு இருப்பதில் ஈடுபாடு கொண்டு, பல்லாண்டு ஆராய்ந்தார். எலி லில்லி நிறுவனத்துடன் இணைந்து அவர் உருவாக்கிய பெமெட்ரெக்செட், 2004-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்றது. அலிம்டா என்ற பெயரில் அறியப்படும் இம்மருந்து, 2008 முதல் ஒருவகை நுரையீரல் புற்றுநோய்க்குச் சிஸ்பிளாட்டினுடன் சேர்த்துத் தொடக்கச் சிகிச்சையாக வழங்கப்படுகிறது.

பெமெட்ரெக்செட்டில் 70 முதல் 90 விழுக்காடு வரை 24 மணி நேரத்துக்குள் மாற்றமின்றிச் சிறுநீரில் வெளியேறுகிறது. சிறுநீரக வடிதிறன் நிமிடத்துக்கு 45 மி.லி.க்குக் கீழ் இருப்பவர்களுக்கு இம்மருந்து பரிந்துரைக்கப்படுவதில்லை. உயிர் காக்கும் மருந்தொன்று ஒருவருக்குக் கிட்டுமா என்பதைச் சிறுநீரகங்களே முடிவுசெய்வதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

மருந்துகள் சிறுநீரகத்தைத் தாக்கும் வழிகள்

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிப்பான்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் இரத்தத்தை வடிக்கும் நுண்குழாய்ப் பந்து ஒன்றும், வடிந்த நீரிலிருந்து உடலுக்குத் தேவையான உப்புகளை மீட்டெடுக்கும் குழல் ஒன்றும் உண்டு. மருந்துகள் இவற்றை வெவ்வேறு வகையில் பாதிக்கின்றன.

சிஸ்பிளாட்டின்: இதன் உயிரியல் விளைவை 1965-ல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் கண்டறிந்தார், 1978-ல் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. குழலின் உயிரணுக்கள் இம்மருந்தைத் தாமே உள்ளிழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. அதனால் அங்கு இதன் செறிவு இரத்தத்தில் இருப்பதைப் போல் பலமடங்காகிறது. தொடக்க காலச் சோதனைகளில் சிறுநீரகப் பாதிப்பு மிகுந்ததால் இம்மருந்து கைவிடப்படும் நிலைக்கு வந்தது. 1970-களில் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவர்கள், மருந்துடன் சிரை வழியே நிறைய நீரேற்றினால் பாதிப்பு குறைவதைக் காட்டியதே அதைக் காப்பாற்றியது. இன்று பெரும்பாலான இடங்களில் உப்புநீருடன் மெக்னீசியமும் சேர்த்து ஏற்றப்படுகிறது.

மெதோட்ரெக்சேட்: உயர் அளவில் தரும்போது, சிறுநீர் அமிலத்தன்மையுடன் இருந்தால் மருந்து படிகமாகிக் குழல்களை அடைத்துவிடும். எனவே சோடியம் பைகார்பனேட் தந்து சிறுநீரைக் காரத்தன்மைக்கு மாற்றுவதும், இரத்தத்தில் மருந்தளவைத் தொடர்ந்து அளப்பதும், லூக்கோவோரின் என்ற மீட்பு மருந்தைக் குறித்த நேரத்தில் தருவதும் வழக்கம்.

ஐஃபாஸ்ஃபமைடு: குழல்களைத் தாக்கி, பாஸ்பேட்டு, பொட்டாசியம் போன்றவை சிறுநீரில் வீணாகுமாறு செய்யும். உடன் தரப்படும் மெஸ்னா சிறுநீர்ப்பையைக் காக்குமேயன்றிச் சிறுநீரகத்தைக் காக்காது.

நோயெதிர்ப்புச் சிகிச்சை: ராவே நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மெர்க் நிறுவனத்தின் கீட்ரூடா போன்றவை கீமோதெரபி அல்ல. எனினும் பல நோயாளிகளுக்கு இவை கீமோதெரபியோடு சேர்த்தே தரப்படுகின்றன. இவை தூண்டிவிடும் எதிர்ப்பு உயிரணுக்கள் சிலவேளை சிறுநீரகத்தில் அழற்சியை உண்டாக்கும். ஓமெப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளை உட்கொள்வோருக்கு இவ்வாய்ப்பு கூடுகிறது.

கட்டிச் சிதைவு: இரத்தப் புற்றுநோய்களில் உயிரணுக்கள் பெருமளவில் ஒரே நேரத்தில் அழியும்போது யூரிக் அமிலமும் பொட்டாசியமும் இரத்தத்தில் பெருகும். இதைத் தடுக்க நீரேற்றமும் அல்லோபியூரினாலும் பயன்படுகின்றன. தேவையெனில் ராஸ்புரிகேஸ் தரப்படும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ராஸ்புரிகேஸ் தரக்கூடாது. இக்குறைபாடு இந்திய வம்சாவளியினரிடையே காணப்படுவதால், குடும்பத்தில் எவருக்கேனும் இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

கிரியேட்டினின் 1.0 எப்போதும் இயல்பானதா?

ஒவ்வொரு சுற்றுக்கும் முன் எடுக்கப்படும் இரத்தச் சோதனையில் கிரியேட்டினின் என்ற அளவு இடம்பெறும். இது தசையிலிருந்து உருவாகும் கழிவு. தசை மிகுந்தவரிடம் கூடுதலாகவும், மெலிந்தவரிடம் குறைவாகவும் உருவாகும். எனவே ஒரே எண் இருவருக்கு இருவேறு பொருள் தரும்.

கிரியேட்டினின் 1.0 என்று கொள்வோம். 30 வயது ஆணுக்கு, 2021-ஆம் ஆண்டுக் கணக்கீட்டு முறைப்படி, மதிப்பிடப்பட்ட வடிவேகம் சுமார் 104. இது நல்ல நிலை. அதே 1.0, 70 வயதுப் பெண்ணுக்குச் சுமார் 61 மட்டுமே. அந்தப் பெண்மணி மெலிந்தவராக இருந்தால் மெய்நிலை இதைவிடக் குறைவு. ஆய்வக அறிக்கையின் எண் சராசரி உடல் பரப்பை அடிப்படையாகக் கொண்டது என்பதே காரணம்.

மருந்தளவைக் கணிக்கப் பல மருத்துவமனைகள் காக்ராஃப்ட்–கால்ட் என்ற சூத்திரத்தைக் கையாள்கின்றன. 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் (கிலோவில்) பெருக்கி, கிரியேட்டினினை 72-ஆல் பெருக்கி வரும் தொகையால் வகுக்க வேண்டும். பெண்களாயின் விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும். மேற்கண்ட 70 வயதுப் பெண்ணின் எடை 45 கிலோ என்றால்:

140 – 70 = 70
70 × 45 = 3150
3150 ÷ 72 = 43.75
43.75 × 0.85 = ஏறத்தாழ 37

அறிக்கையில் “இயல்பு” என்று குறிக்கப்பட்ட 1.0, இவருக்கு 37 மட்டுமே. பெமெட்ரெக்செட்டுக்கான 45 என்ற எல்லைக்கும் இது கீழே உள்ளது.

எடையைச் சரியாகப் பதிவுசெய்வதன் முக்கியத்துவமும் இதனால் விளங்கும். 45 கிலோ என்பது 99 பவுண்டு. பவுண்டுக் கணக்கைத் தவறுதலாகக் கிலோ என்று பதிந்தால், அதே சூத்திரம் 37-க்குப் பதில் 82 என்று காட்டும். கார்போபிளாட்டின் என்ற மருந்தின் அளவு இவ்வெண்ணைக் கொண்டே கணிக்கப்படுகிறது: வடிதிறனுடன் 25 கூட்டி, மருத்துவர் குறிக்கும் இலக்கு எண்ணால் பெருக்குவார்கள். இலக்கு 5 எனில், 37-க்கு 310 மி.கி.; 82-க்கு 535 மி.கி. சிகிச்சையின்போது பலர் எடை இழப்பதால், ஒவ்வொரு வருகையிலும் காலணி நீக்கி எடை பார்க்கச் செய்வதும், பதிவான எண்ணை உறுதிப்படுத்திக்கொள்வதும் குடும்பத்தினர் எளிதில் செய்யக்கூடிய பணிகள். ஒரே ஒரு முடிவைக் காண்பதைவிட, சிகிச்சைக்கு முன்னிருந்த அளவிலிருந்து எவ்வளவு மாறியுள்ளது என்று காண்பதே பயனுடையது. 0.6-ஆக இருந்தது 1.0 ஆனால், அச்சிட்ட வரம்புக்குள் இருந்தாலும், மருத்துவரிடம் கேட்க வேண்டிய மாற்றம் அது.

நீரும் உணவும்

சிஸ்பிளாட்டின் பெறுவோர், மருந்து ஏற்றிய நாளிலும் அடுத்த சில நாள்களிலும் போதிய நீர் அருந்த வேண்டும். எவ்வளவு என்பதை மருத்துவக் குழுவே குறிக்க வேண்டும். இதய நோயோ முற்றிய சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு மிகுநீர் தீங்காகும். குறித்த அளவை ஒரு பாட்டிலில் காலையிலேயே நிரப்பி வைத்துவிட்டால், மாலைக்குள் எவ்வளவு உட்சென்றது என்று தெரிந்துவிடும். வெறும் நீர் குமட்டினால் கஞ்சி, நீர்மோர், ரசம், தெளிந்த சூப்பு ஆகியவற்றைச் சிறிது சிறிதாக அருந்தலாம். இவையும் நீர்க்கணக்கில் சேரும். ஏகாதசி, ரமலான், தவக்காலம் போன்ற நோன்புகளைச் சிகிச்சை வாரத்தில் மேற்கொள்ள எண்ணுவோர் முன்னதாகவே மருத்துவரிடம் பேச வேண்டும்.

“சிறுநீர் நன்றாகப் போகிறது, எனவே சிறுநீரகம் நலமாக உள்ளது” என்ற எண்ணம் பரவலாக உண்டு. சிஸ்பிளாட்டினால் ஏற்படும் பாதிப்பில் சிறுநீரின் அளவு பெரும்பாலும் குறைவதில்லை. குழல்கள் நீரை மீட்கும் திறனை இழப்பதால் அளவு கூடவும் செய்யலாம். இரத்தச் சோதனை ஒன்றே உண்மையைக் காட்டும். வலியோ அறிகுறியோ இல்லை என்று அச்சோதனையைத் தவிர்ப்பது கூடாது.

இளநீர் நல்லதே என்றாலும் அதில் பொட்டாசியம் மிகுதி. சிலருக்கு மருந்தால் பொட்டாசியம் குறையும். வேறு சிலருக்குச் சிறுநீரகத் தளர்ச்சியால் கூடும். ஆகவே தினமும் அருந்துவதற்கு முன் சோதனை முடிவைக் கேட்டறிய வேண்டும். இரத்த அழுத்தத்துக்காக வாங்கும் “உப்புக்கு மாற்று” பொடிகள் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

சில காய்கனிகள் நேரடியாகவே தீங்கானவை. தமரத்தங்காய் என்னும் நட்சத்திரப்பழம், பிலிம்பி என்னும் புளிச்சக்காய் ஆகியவற்றின் சாற்றில் ஆக்சலேட் மிகுதி. பிலிம்பிச் சாற்றை அருந்திச் சிறுநீரகம் செயலிழந்த நிகழ்வுகள் கேரளத்தில் பதிவாகியுள்ளன. மிகுந்த அளவிலான வைட்டமின் சி மாத்திரைகளும் உடலில் ஆக்சலேட்டாக மாறக்கூடியவை.

மருந்துப் பெட்டியும் பயணப் பெட்டியும்

வலி நிவாரணிகள்: ஐபுபுரோஃபென் (அட்வில், மோட்ரின்), நேப்ராக்சென் (அலீவ்), டைகுளோஃபெனாக் (வோவரான்) ஆகியவை சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்படும் காம்பிஃப்ளாம் மாத்திரையிலும் ஐபுபுரோஃபென் உள்ளது. வடிதிறன் 45-க்கும் 79-க்கும் இடைப்பட்டவர்கள், பெமெட்ரெக்செட் பெறும் நாளுக்கு 2 நாள் முன்பும், அன்றும், 2 நாள் பின்பும் ஐபுபுரோஃபெனைத் தவிர்க்க வேண்டும் என்பது அம்மருந்தின் ஏட்டிலேயே உள்ள அறிவுரை. டைலெனால் (இந்தியாவில் பாரசிட்டமால்) சிறுநீரகத்துக்கு ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. ஆயினும் அது காய்ச்சலை மறைக்கும். உட்கொள்ளுமுன் வெப்பநிலையைப் பார்க்க வேண்டும்.

அன்றாட மருந்துகள்: லிசினோபிரில், லோசார்டான், டெல்மிசார்டான், நீரிறக்கிகள், மெட்ஃபார்மின், எம்பாகிளிஃபுளோசின் ஆகியவை பல இல்லங்களில் வழக்கமானவை. இவற்றைத் தாமாக நிறுத்தக் கூடாது. ஆனால் வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டால், இவற்றை அன்று உட்கொள்ளலாமா என்று அன்றே தொலைபேசியில் கேட்க வேண்டும். மெதோட்ரெக்சேட் பெறுவோர் சல்ஃபா வகை நுண்ணுயிர்க்கொல்லியையும் அமிலக் குறைப்பு மாத்திரையையும் கேட்காமல் உட்கொள்ளலாகாது. சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேனுக்கு நாள் குறிக்கும்போது, கீமோதெரபி நடைபெறுவதைத் தெரிவிக்க வேண்டும்.

நாட்டு மருந்துகள்: சித்த, ஆயுர்வேத மருந்துகளில் பற்பம், செந்தூரம் போன்றவை உலோகங்களைக் கொண்டு செய்யப்படுபவை. பாஸ்டன் பகுதித் தெற்காசிய மளிகைக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்தபோது, 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2004-ல் ஓர் ஆய்வு வெளியானது. பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளுக்கும் ஒருவகைச் சிறுநீரக நோய்க்கும் உள்ள தொடர்பைத் தமிழ்நாட்டு மருத்துவர்களும் 2022-ல் எடுத்துரைத்துள்ளனர். அம்மரபைக் குறை கூறுவதற்காக இது சொல்லப்படவில்லை. ஒரே காலத்தில் இருவகை மருந்துகளை ஒரே சிறுநீரகம் தாங்க வேண்டியுள்ளது என்பதே இதன் கருத்து. எனவே கீமோதெரபி முடியும்வரை இவற்றை நிறுத்திவைப்பது நலம். முன்பு உட்கொண்டிருந்தால் தயங்காமல் மருத்துவரிடம் கூற வேண்டும். மருந்தாளர் பார்க்கும்படி எல்லாப் புட்டிகளையும் பொட்டலங்களையும் ஒரு பையில் எடுத்துச்செல்வதே சிறந்த வழி.

உடனே அழைக்க வேண்டிய அறிகுறிகள்

சிகிச்சைக் குழுவின் இரவு நேர எண்ணைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தல் நன்று. பின்வருவனவற்றில் ஒன்று கண்டாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம்:

– நீரைக்கூட உள்ளே நிறுத்த முடியாத வாந்தி, அல்லது தொடர்ந்த வயிற்றுப்போக்கு
– சிறுநீர் வெகுவாகக் குறைதல், கருத்தல் அல்லது இரத்தம் கலத்தல்
– கால், முகம் வீங்குதல். ஓரிரு நாளில் 2 அல்லது 3 பவுண்டு எடை கூடுதல் அல்லது குறைதல்
– எழும்போது தலைச்சுற்றல், குழப்பம், மூச்சுத் திணறல்
– தசைப் பிடிப்பு, நடுக்கம், இதயப் படபடப்பு (மெக்னீசியம், பொட்டாசியம் மாறியிருக்கலாம்)
– 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல்

மூச்சுத் திணறல் கடுமையானாலோ நினைவு தடுமாறினாலோ 911-ஐ அழைக்க வேண்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

1. தரப்படும் மருந்துகளுள் சிறுநீரகத்தைப் பாதிப்பவை எவை?
2. சிகிச்சைக்கு முன் வடிதிறன் எவ்வளவு? இப்போது எவ்வளவு?
3. மெக்னீசியமும் பொட்டாசியமும் சோதிக்கப்படுகின்றனவா?
4. ஒரு நாளைக்கு எவ்வளவு நீர் அருந்த வேண்டும்?
5. வலிக்கு எந்த மாத்திரை உகந்தது?
6. அடுத்த இரத்தச் சோதனை எப்போது? முடிவைக் கண்டு சொல்பவர் யார்?
7. சிறுநீரக மருத்துவரையும் இப்போதே காண வேண்டுமா?

வடிதிறன் குறைந்துவிட்டால் சிகிச்சை முடிந்துவிட்டது என்று பொருளல்ல. அளவை மாற்றவும், சிஸ்பிளாட்டினுக்குப் பதில் கார்போபிளாட்டினைத் தரவும் பல சூழல்களில் இயலும். அதே வேளையில், சிறுநீரகத்துக்கு அஞ்சி நோயாளி தாமாகவே ஒரு சுற்றைத் தவிர்ப்பது புற்றுநோய்க்கு இடங்கொடுப்பதாகும். இவ்விரண்டையும் எடைபோட்டு முடிவெடுக்க வேண்டியவர்கள் மருத்துவரும் நோயாளியும் சேர்ந்தே.

உதவி பெறும் வழிகள்

மொழி: 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவின்படியும், 2010-ஆம் ஆண்டு நலவாழ்வுச் சட்டத்தின் 1557-ஆம் விதியின்படியும், கூட்டரசு நிதி பெறும் மருத்துவமனைகள் ஆங்கிலம் அறியாதோருக்குத் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றி ஏற்பாடு செய்ய வேண்டும். முன்பதிவின்போதே “டமில் இன்டர்ப்ரெட்டர் ப்ளீஸ்” என்று சொன்னால் போதும். மருந்தளவும் எச்சரிக்கைகளும் பேசப்படும் இடத்தில் பள்ளி செல்லும் பேரக்குழந்தையை மொழிபெயர்க்க வைத்தல் பொருத்தமன்று.

மருந்து ஐயங்கள்: நியூ ஜெர்சி நச்சுத் தகவல் மையம், 1-800-222-1222. எந்நேரமும் இலவசம். இரு மருந்துகளைச் சேர்த்து உட்கொண்டுவிட்ட ஐயம் எழுந்தாலும் அழைக்கலாம்.

தகவலும் பயணமும்: அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம், 1-800-227-2345. சிகிச்சைக்குச் சென்றுவர வாகன உதவி கிடைக்குமா என்பதையும் இவ்வெண்ணில் கேட்கலாம்.

செலவு: காப்பீடு இல்லாத, வருமான வரம்புக்குட்பட்ட நியூ ஜெர்சி வாசிகள் மருத்துவமனைகளின் நிதி அலுவலகத்தில் “சாரிட்டி கேர்” திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். இது மருத்துவமனைக் கட்டணத்துக்கானது. மருத்துவரின் தனிக் கட்டணத்தை உள்ளடக்காமல் இருக்கலாம். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மருந்துச் செலவில் உதவ மாநிலத்தின் “பாட்” திட்டம் உள்ளது. எங்குத் தொடங்குவது என்று தெரியாதவர்கள் 211 என்ற எண்ணை அழைக்கலாம்.

இக்கட்டுரை பொதுத் தகவலுக்கானது. ஒவ்வொருவரின் நோயும் மருந்தும் வேறுபடுவதால், இறுதி அறிவுரை சிகிச்சை தரும் மருத்துவருடையதே. கேள்விப் பட்டியலை வெட்டி எடுத்து, அடுத்த சந்திப்புக்குச் செல்லும் பையில் வைத்துக்கொள்ளலாம்.